பாறைக்குள் நடந்தவன்

அப்பல்சாமி மல்லாந்து கிடந்தார்.

ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் இல்லை. தலையின் பின்பக்கம் உடைந்து, ரத்தம் சேற்றோடு கலந்து கறுத்துப் போயிருந்தது.

ஃபிஜித் தீவில், லம்பாசா ஊருக்குப் பக்கத்துப் புலிலேகாவில், அவருடைய கரும்பு வயலுக்குப் பின்னால் இருந்த பள்ளம் அது. மேலே இருபதடி உயரத்துக்குப் பாறைச் சரிவு. இரண்டு நாள் தூறலில் பாறை முழுக்கப் பாசி.

அவருக்கு வயது அறுபத்தொன்று. இன்னும் ஒன்பது நாளில் ஆக்லாந்துக்கு விமானம் ஏறவேண்டியவர். மகள் டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பல்ராம் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். திங்கட்கிழமை மாலை ஆறே முக்கால் மணி. கணவன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு போன கம்லாதான் ஆறரைக்கு உடலைக் கண்டுபிடித்திருந்தாள். அவள் கத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்து, கணவனின் இன்னொரு செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பல்ராமுக்குப் பரபரப்பு எதுவும் வரவில்லை. போலீஸில் இருபத்தேழு வருடம். மனைவி ரொனீதாவும் இரண்டு பெண்களும் பிரிஸ்பேனுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவருடைய விசாவும் வந்துவிட்டது. ராஜினாமா கொடுத்தாகிவிட்டது. இன்னும் பதினோரு நாள்.

அந்தப் பதினோரு நாளும் எதுவும் நடக்காமல் இருந்தால் போதும் என்று காளியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருந்தார்.

இப்போது ஒரு பிணம்...

*

மறுநாள் காலை எட்டரை மணிக்கு தேவேந்திரா லம்பாசா ஸ்டேஷனுக்கு வந்தான்.

கரும்பு வயல்களை அளந்து பரப்பு குறிக்கும் ஆபீஸின் சூப்பர்வைசர் அவன். நாற்பத்தைந்து வயது. புலிலேகாக்காரன். மரியாதையான மனிதன், கோயில் கமிட்டியில் இருப்பவன். கையில் ஒரு காகிதச் சுருள். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு பல்ராம் பாய்..." என்றான் ஃபிஜி இந்தியில். அங்கே பாய், பையா எல்லாமே அண்ணன்தான். "எங்க ஆபீஸ் ராஜ்நீல் நல்ல ஆளு. ஆனா இதைப் பார்த்துட்டு நான் எப்படி சும்மா இருக்க முடியும்?"

சுருளை விரித்தான்.

அச்சிட்ட வரைபடம். நடுவில் அப்பல்சாமியின் வயல். அதன் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு.

தேவேந்திரா பொறுமையாக விளக்கினான். வயலை அளக்கப் போகிறவன் கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருக்கும். வரப்பைச் சுற்றி நடந்தால் போதும். எங்கெங்கே நடந்தான், எத்தனை மணிக்கு நடந்தான் என்று கருவி தானே குறித்துக்கொள்ளும். திங்கட்கிழமை அப்பல்சாமியின் வயலை மறுபடி அளக்கப் போனவன் ராஜ்நீல்.

சிவப்புக் கோடு ஒழுங்காக வரப்போடு போயிற்று. மாமரத்தடி வந்ததும் வரப்பை விட்டு விலகிற்று. எண்பது மீட்டர் தள்ளி, நேராகப் பள்ளத்துக்குள் இறங்கிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதே வழியில் திரும்பிவிட்டது.

பன்னிரண்டு நாற்பத்தொன்றிலிருந்து ஒன்று ஆறு வரை.

கோடு நின்ற இடத்தில்தான் அப்பல்சாமி கிடந்தார்.

பல்ராம் டாக்டரை போனில் கேட்டார். கல்லால் அடித்தாலும் மண்டை அப்படித்தான் உடையும் என்றார் டாக்டர். போன வாரம் ராஜ்நீல் வயலைக் கால் ஏக்கர் குறைத்துக் காட்டிவிட்டான் என்று அப்பல்சாமி அவனைப் பலர் முன்னால் திட்டியிருந்தார். அதற்குச் சாட்சி பஸ் ஸ்டாண்டு முழுக்க இருந்தது.

பத்து மணிக்கு ராஜ்நீல் லாக்கப்பில் இருந்தான்.

முப்பத்து நான்கு வயது. கல்யாணமானவன். மாமரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டதாகச் சொன்னான். கருவி பையில் இருந்ததாம். பள்ளத்துப் பக்கம் போகவே இல்லையாம். பத்துத் தடவை கேட்டார்கள். பத்துத் தடவையும் அதையே சொன்னான். பதினோராவது தடவை அழுதான்.

அவன் கருவியை பல்ராம் வாங்கி உறையில் போட்டு அரக்கு வைத்தார். ஸ்டேஷனில் யாருக்கும் அதைத் திறந்து படிக்கத் தெரியாது. வரைபடம்தான் இருக்கிறதே...

இந்த ஊரில் அவர் பார்க்காத சாட்சியா? நாலு தடவை ஆட்சி கவிழ்ந்த தேசம். எண்பத்தேழில் இரண்டு தடவை. இரண்டாயிரத்தில் ஒரு தடவை. போன டிசம்பரில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சாட்சிகளில் பாதிப் பேர் விமானம் ஏறிவிடுவார்கள். மீதிப் பேருக்கு மறதி வந்துவிடும்.

ஒரு மெஷின் சாட்சி சொல்ல வருகிறது. அதற்கு விசா கிடையாது. பயம் கிடையாது. யாருக்குத்தான் கசக்கும்?

*

வியாழக்கிழமை லலிதா வந்தாள்.

திருச்சிக்காரி. மூன்று வருடக் கான்ட்ராக்டில் வந்த இன்ஜினீயர். அந்த ஆபீஸுக்கு ஜி.பி.எஸ். கருவிகளை வாங்கிக் கொடுத்து, எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஒரு வாரம் தலைநகர் சுவாவில் மீட்டிங். விமான நிலையத்திலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். பெட்டியில் விமான லக்கேஜ் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பல்ராமுக்குத் தமிழ் பேச வரும். வீட்டிலும் கோயிலிலும் கேட்டுக் கேட்டு வந்த தமிழ். எழுதப் படிக்க வராது. பேசவும் ஆள் குறைந்துகொண்டே வந்ததால், லலிதாவைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

அன்றைக்கு இல்லை.

"ராஜ்நீலை விடச் சொல்லி வரலை சார்" என்றாள் லலிதா. "அந்தக் கோடு பொய்யா இருக்கலாம்னு சொல்ல வந்தேன்."

"மெஷினு எதுக்கும்மா பொய் சொல்லப் போவுது? அதுக்கு இன்னா பகை?"

"பொய் சொல்றது இல்லை சார். ஏமாந்து போறது."

அவள் சொன்னது இதுதான். மேலே சுற்றும் சாட்டிலைட்டுகளிலிருந்து சிக்னல் வருகிறது. வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, தான் இருக்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுக்கொள்கிறது. வெட்ட வெளியில் பிரச்சினை இல்லை. பக்கத்தில் பெரிய பாறை இருந்தால் சிக்னல் பாறையில் மோதிச் சுற்றிக்கொண்டு வரும். மேலே ஈர இலைகள் இருந்தால் பலவீனமாக வரும். பைக்குள் போட்டு முதுகோடு சாய்த்துவிட்டால் பாதி சிக்னல் வரவே வராது. கருவிக்கு இது தெரியாது. இருக்கிற சிக்னலை வைத்து, நீ இங்கே நிற்கிறாய் என்று குறிக்கும். அடுத்த நிமிடம் இல்லை, அங்கே நிற்கிறாய் என்று குறிக்கும். இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரு கோடு போடும்.

"ஆள் உட்கார்ந்துதான் இருப்பான் சார். கோடு மட்டும் நடக்கும்."

பல்ராம் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா... எனுக்கு எட்டு நாள்தான் இருக்குது. ஃபைல் முடிஞ்சுபோச்சு. வக்கீல் வெச்சு கோர்ட்டுல சொல்லட்டும்."

"வக்கீல் வைக்க அவங்க வீட்ல யாரு இருக்கா?"

பல்ராம் ஃபைலை மூடி ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் நாப்பது நிமிஷம் கொடுங்க" என்றாள் லலிதா. "எப்படியும் நீங்க சாப்பிடணும்ல? அந்த மாமரத்தடியில சாப்பிடலாம்."

அன்று மாலை ரொனீதா பிரிஸ்பேனிலிருந்து போன் செய்தாள். கொலைகாரன்தான் அகப்பட்டுவிட்டானே, சீக்கிரம் வரக்கூடாதா என்று கேட்டாள். சின்னவள் பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்று கேட்கிறார்களாம். பல்ராம் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு தூக்கம் வராமல் புரண்டார். ராஜ்நீலின் பதினோராவது தடவை அவருக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரை மணி. தூறல்.

மாமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். லலிதா இன்னொரு கருவியைக் கொண்டுவந்திருந்தாள். ராஜ்நீல் வைத்திருந்த அதே ரகம். பைக்குள் போட்டு மரத்தில் சாய்த்து வைத்தாள்.

பல்ராம் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டார். லலிதா தயிர்சாதம் சாப்பிட்டாள். ஜனவரியோடு தன் கான்ட்ராக்ட் முடிகிறது, புது ஆட்சிக்காரர்கள் அதை நீட்டமாட்டார்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார். இந்த ஊரில் எல்லாப் பேச்சும் யார் எப்போது போகிறார்கள் என்பதில்தான் போய் முடிந்தது.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. ஒரு பக்கம் பாறை. அதற்குப் பின்னால் பள்ளம். இங்கே உட்கார்ந்தவனுக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. சத்தமும் கேட்காது; கீழே ஆறு ஓடுகிற இரைச்சல்.

நாற்பது நிமிடம் முடிந்தது.

லலிதா கருவியை எடுத்துச் சின்னத் திரையை அவரிடம் நீட்டினாள்.

பல்ராம் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அவர் ஆற்றின் நடுவே நின்றிருந்தார். அக்கரைக்குப் போய்த் திரும்பியிருந்தார். அப்பல்சாமி வீட்டுக் கூரை மேல் ஏறியிருந்தார். பாறைக்குள் புகுந்து வெளியே வந்திருந்தார். நடுவில் ஒரு தடவை பள்ளத்துக்கும் போய்வந்திருந்தார்.

"நீங்களும் கொலை பண்ணிட்டு வந்துட்டீங்க சார்" என்றாள் லலிதா. "தண்ணி குடிங்க."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தேவேந்திரா கொடுத்த வரைபடத்தை எடுத்தார். திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

ரொம்ப நேரம்...

"அம்மா... நம்மளுது எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்குது."

"ஆமா சார். இந்த மாதிரி இடத்துல அப்படித்தான் வரும்."

"அவனுது ஒத்தக் கால்தான் இருக்குது." வரைபடத்தில் பள்ளத்துக்குப் போன கோட்டின் மேல் விரலை வைத்தார். "மத்த காலெல்லாம் எங்கே போச்சு?"

"அவன் கருவியைத் திறந்து பார்க்கணும் சார்" என்று லலிதா எழுந்தாள்.

*

அரக்கை உடைத்தார்கள்.

லலிதாவின் ஆபீஸில் வைத்து, ராஜ்நீலின் கருவியை அவளுடைய கம்ப்யூட்டரில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் காலி. தேவேந்திரா கனடா விசாவுக்கான மெடிக்கல் டெஸ்டுக்கு லீவில் இருந்தான்.

திங்கட்கிழமை நடந்த நடை திரையில் விரிந்தது.

மாமரத்தடி வரை ஒழுங்கான கோடு. அதன் பிறகு... எட்டுக்கால் பூச்சி. ராஜ்நீல் ஆற்றில் நடந்திருந்தான். கூரையில் நடந்திருந்தான். பாறைக்குள் நடந்திருந்தான். பள்ளத்துக்குப் போனது அந்தக் கால்களில் ஒன்று. அவ்வளவுதான்.

யாரோ மற்ற கால்களையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, வேண்டிய காலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"கருவியில இருக்கிறதை யாரும் தொடலை" என்றாள் லலிதா. அவள் குரல் இறங்கியிருந்தது. "சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஏத்தின பிறகு, ஃபைல்லதான் அழிச்சிருக்காங்க. அதைத்தான் பிரின்ட் எடுத்திருக்காங்க."

"ஏத்தறது ஆரு?"

"சூப்பர்வைசர். எப்பவும் அவர்தான்."

"தேவேந்திரா ஒழுங்கான ஆளு. கோடு கன்னாபின்னான்னு இருந்திருக்கும். பொதுவா கிளீன் பண்ணியிருப்பாரு."

"பண்ணுவோம் சார். தப்பான புள்ளியை அழிக்கிறது வழக்கந்தான். ஆனா வரப்பை விட்டு வெளியே போன எல்லாத்தையும் அழிப்போம். இந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்டாரு?"

"பொணம் அங்க கிடந்துதுன்னு தெரிஞ்ச பிறகு, அதை மட்டும் விட்டுவெச்சிருப்பாரு. போலீசுக்குப் புரியணுமேன்னு..."

பேசிக்கொண்டே வந்த பல்ராம் நின்றுவிட்டார்.

"ஃபைலை எப்ப அழிச்சாருன்னு தெரியுமா?"

லலிதா மவுஸை அழுத்தினாள். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. கடைசியாகத் திருத்திய நேரம்... திங்கட்கிழமை, மாலை நான்கு பன்னிரண்டு. திருத்தியவர்... தேவேந்திரா.

கம்லா புருஷனைக் கண்டுபிடித்தது ஆறரை மணிக்கு.

அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், அப்பல்சாமி எங்கே செத்துக் கிடக்கிறார் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருக்க முடியும்.

வெளியே கரும்பு லாரி ஒன்று கடந்து போயிற்று. பல்ராம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

கம்லா வீட்டில் பெட்டிகள் கட்டியபடியே இருந்தன. ஒன்றை மட்டும் பிரித்து, கணவனின் சட்டைகளை வெளியே எடுத்து அடுக்கியிருந்தாள்.

தேவேந்திராவுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் என்ன, என்று பல்ராம் கேட்டார்.

கம்லா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் கேக்கறீங்களா பையா? நாலு நாளாச்சு. மேப்பு வந்துட்டுது, ஆளு கெடைச்சிட்டான்னு சொல்லிட்டுப் போனீங்க. என்னை ஆரு கேட்டா?"

பல்ராம் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சொன்னாள். இரண்டாயிரத்தில், ஆட்சி கவிழ்ந்த சமயம். ட்ரெகேட்டி கிராமத்தில் அப்பல்சாமியின் தம்பி ராமச்சந்திரன் நெல் போட்டுக்கொண்டிருந்தான். இந்தியர் வீடுகளைக் குறிவைத்து ஒரு கும்பல் வந்து மாடுகளை ஓட்டிப் போயிற்று. வீட்டைக் கொளுத்திற்று. தடுத்த ராமச்சந்திரனை அடித்துப் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் வரை படுக்கையில் கிடந்து செத்தான். கும்பலுக்கு அந்த வீட்டை அடையாளம் காட்டியவன் தேவேந்திரா. பக்கத்து வயலை அளந்துகொண்டிருந்தவன். அதை ராமச்சந்திரனே தன் கண்ணால் பார்த்து, அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

"ஏழு வருசமா வாயைத் தொறக்கலை" என்றாள் கம்லா. "இங்கதானே இருக்கணும்? கோயில்ல, கடையில, அவன் மூஞ்சியிலதானே முழிக்கணும்? திரும்பவும் கலாட்டா வந்தா நம்ம வூட்டைக் காட்டுவான்னு பயம். டிக்கெட்டு வந்த அன்னிக்குத்தான் பயம் போச்சு. போறதுக்கு முன்னே டேசன்ல எழுதிக் குடுத்துட்டுப் போறேன்னாரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல அவன்கிட்டயே சொல்லிட்டாரு. முதுகுக்குப் பின்னால சொல்றது தப்பாம்."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"என்னிக்கு எழுதித் தரப் போறேன்னாரு?" என்று கேட்டார் பல்ராம்.

"இன்னிக்கு. வெள்ளிக்கிழமை."

*

தேவேந்திரா வீட்டு வாசலில் மூன்று சூட்கேஸ்கள். அவன் தரையில் உட்கார்ந்து, அட்டையில் வான்கூவர் முகவரியை எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து மணிமணியாக இருந்தது.

பல்ராமைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்களைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

பல்ராம் அதட்டவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. லலிதா எடுத்துத் தந்த இரண்டு பிரின்ட்டுகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எட்டுக்கால். ஒன்று ஒற்றைக்கால்.

"நாலு மணி பன்னெண்டு நிமிஷம், தேவேந்திரா பாய்" என்றார்.

தேவேந்திரா இரண்டையும் பார்த்தான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டான்.

"அன்னிக்கு ட்ரெகேட்டியில அந்தக் கும்பல் முதல்ல என்னைத்தான் பிடிச்சுது" என்றான். "அந்தக் காட்டுல நான் தனி ஆளு. மாடு எந்த வீட்ல நிறைய இருக்குன்னு கேட்டாங்க. நான் விரலைத்தான் காட்டினேன் பாய். ஒரே ஒரு விரல்."

"அப்பல்சாமி?"

கெஞ்சத்தான் போனானாம். கனடா விசா கைக்கு வருகிற நேரம். போலீஸில் ஒரு வார்த்தை எழுதினாலும் போயிற்று. பள்ளத்து ஓரத்தில் அப்பல்சாமி புல் அறுத்துக்கொண்டிருந்தார். காலைத் தொட்டானாம். அவர் திரும்பிக்கொண்டாராம். அதன் பிறகு கையில் எப்படிக் கல் வந்தது என்று தெரியவில்லை என்றான். பிறகு ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தானாம். நாலு மணிக்கு ராஜ்நீல் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, பள்ளத்துக்குப் போன அந்த ஒற்றைக் காலை அங்கே பார்த்திருக்கிறான்.

"கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது பாய்."

உள்ளே அவன் மனைவி அழ ஆரம்பித்தாள். பல்ராம் கான்ஸ்டபிளைப் பார்த்தார். விலங்கு மாட்டினார்கள். ராஜ்நீலை வெளியே விடச் சொல்லி ஸ்டேஷனுக்கு போன் போயிற்று. அவன் மனைவி காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறாள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

ஜீப்பில் ஏறும்போது தேவேந்திரா நின்றான்.

"பாய்... டாக்டர் என்ன எழுதியிருந்தார்?"

"பாசியில வழுக்கி விழுந்த சாவு" என்றார் பல்ராம். "செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்கே ரிப்போர்ட் வந்துட்டுது. ஒம்பது மணிக்கு ஃபைலை மூடறதா இருந்தேன். நீங்க எட்டரைக்கு மேப்போட வந்தீங்க."

தேவேந்திரா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் வராம இருந்திருந்தா..?"

பல்ராம் கடிகாரத்தைப் பார்த்தார். பிரிஸ்பேனில் இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பார்கள். ரொனீதாவுக்கு போன் செய்ய வேண்டும். வழக்கு கோர்ட்டுக்குப் போகும். ஒரு வருடமோ, இரண்டு வருடமோ. முதல் சாட்சி அவர்தான்.

"நீங்க வான்கூவர்ல இருப்பீங்க. நான் பிரிஸ்பேன்ல இருப்பேன்" என்றார். "ஏறுங்க பாய்... நம்ம ரெண்டு பேர் டிக்கெட்டையும் நீங்கதான் கேன்சல் பண்ணினீங்க."